கிரியேட்டினும் கார்ப்ஸும்: எதற்கு நேரம் பார்க்க வேண்டும், எதற்கு வேண்டாம்

கிரியேட்டினை, அதாவது எடை தூக்குகிறவர்கள் தெம்புக்காகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் அந்தப் பொடியை, ஒர்க்அவுட்டுக்கு முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா? சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து எடை தூக்கலாம்? முடித்த அரை மணி நேரத்துக்குள் கார்ப்ஸ் (சோறு, ரொட்டி, பழம் போன்றவற்றில் இருக்கும் கார்போஹைட்ரேட்) உள்ளே போகவில்லை என்றால் செய்ததெல்லாம் வீணா? எடைப்பயிற்சியைக் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொண்ட எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விகளில் வந்து நிற்கிறார்கள். இந்த இரண்டு பொருள்களையும் ஒரே அட்டவணையில் போட்டு, இத்தனை நிமிடத்துக்கு முன்னால் இது, இத்தனை நிமிடம் கழித்து அது என்று மனப்பாடம் செய்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது. இரண்டும் உடம்பில் வேலை செய்யும் விதமே வேறு. கிரியேட்டின் வாரக் கணக்கில் வேலை செய்வது, கார்ப்ஸ் மணிக் கணக்கில் வேலை செய்வது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியை நீங்களே முடிவு செய்துவிடலாம். எப்படி என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

செட் நடக்கும்போது எது எரிகிறது

கனமான எடையை ஒரு செட்டில் (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) நாலைந்து ரெப்ஸ், அதாவது நாலைந்து முறை, தூக்கும்போது தசைக்குச் சக்தி தருவது பெரும்பாலும் ஏற்கெனவே தசையில் இருக்கும் ஏடிபியும் (தசை நேரடியாகச் செலவழிக்கும் சக்திப் பொருள்), அதை உடனுக்குடன் மறுபடி உருவாக்கித் தருகிற பாஸ்போகிரியேட்டினும்தான் (தசை கிரியேட்டினைச் சேமித்து வைக்கும் வடிவம்). முழு வேகத்தில் அது பத்து விநாடி அளவுக்கே தாங்கும். அப்புறம் ஓய்வில் மறுபடி நிரம்பும், பெரும்பகுதி முதல் ஒரு நிமிடத்திலேயே வந்துவிடும், முழுசாக வர மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். கனமான ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பயிற்சிகளில் செட்டுகளுக்கு நடுவே நீண்ட ஓய்வு எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு செட்டில் பத்து, பதினைந்து ரெப்ஸ் என்று போனால் கதை மாறும். அங்கே கிளைகோஜன் எரிகிறது, அதாவது சாப்பிட்ட கார்ப்ஸிலிருந்து தசை சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை. உடம்பின் தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 400 முதல் 500 கிராம் வரை இருக்கும், கல்லீரலில் ஒரு 100 கிராம். ஒரு வழக்கமான எடைப்பயிற்சியில், வேலை செய்த தசைகளில் இருக்கும் கிளைகோஜனில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் குறைகிறது. நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு ஆவதுபோல் இங்கே காலியாவதில்லை. கார்ப்ஸ் பற்றிய அறிவுரைகளில் பாதி ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் வீரர்களுக்கும் சொன்னது. அதை அப்படியே எடைப்பயிற்சிக்குக் கொண்டுவந்ததால்தான் தேவையில்லாத பதற்றம்.

கிரியேட்டின்: நேரத்தை விடுங்கள், நாளைப் பிடியுங்கள்

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கும், அதில் 95 சதவீதம் தசையில். தினமும் அதில் ஏறக்குறைய 2 கிராம் "கிரியேட்டினின்" என்ற கழிவுப்பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும். அந்த இழப்பில் பாதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, மீதி இறைச்சி, மீன் வழியாக வரும். அதனால்தான் சைவ உணவுக்காரர்களின் தசையில் கிரியேட்டின் பொதுவாகக் குறைவு. பொடியாக எடுக்கும்போது அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிவதும் அதனால்தான்.

தசையை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் கசியும், தினமும் கொஞ்சம் ஊற்றுகிறீர்கள். காலையில் ஊற்றினீர்களா மாலையில் ஊற்றினீர்களா என்பது மட்டத்தைப் பெரிதாக மாற்றாது, தினமும் ஊற்றினீர்களா என்பது மாற்றும். இன்று ஜிம்முக்குப் போகும் முன் குடித்த ஸ்கூப் இன்றைய பெஞ்ச் பிரஸ்ஸுக்கு உதவுவதில்லை. போன மூன்று நான்கு வாரம் விடாமல் எடுத்ததுதான் இன்றைக்கு உதவுகிறது. குடித்த ஒன்று இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும், பிறகு தசையில் இடம் இருக்கும் அளவுக்கு உள்ளே போகும், மிச்சம் வெளியே போய்விடும். நிரம்பிவிட்ட பிறகு அதிகமாக எடுத்தால் கழிப்பறைக்குத்தான் போகும்.

தொட்டியை நிரப்ப இரண்டு வழி. ஒன்று லோடிங்: ஒரு நாளைக்கு 20 கிராம், அதை நான்கு வேளையாகப் பிரித்து 5 கிராம் வீதம், ஐந்திலிருந்து ஏழு நாள். இன்னொன்று தினமும் வெறும் 3 கிராம், கிட்டத்தட்ட நான்கு வாரம். 1990களிலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், கடைசியில் தசையில் சேரும் அளவு ஒன்றுதான். போட்டி ஏதாவது பக்கத்தில் இருந்தால் லோடிங் செய்யுங்கள், இல்லாவிட்டால் பொறுமையாக தினமும் 3 முதல் 5 கிராம் போதும் என்பதுதான் என் கருத்து. 20 கிராம் எடுக்கும் வாரத்தில் பலருக்கு வயிறு கலங்கும், குறிப்பாக ஒரே வேளையில் 10 கிராம் போட்டுக் குடிப்பவர்களுக்கு. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை ஏறும். அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர், அதனால் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

முன்னால், பின்னால் விவகாரத்துக்கு வருவோம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 19 பாடிபில்டர்கள் நான்கு வாரம் 5 கிராம் எடுத்தார்கள், சிலர் பயிற்சிக்கு முன், சிலர் பின். பின்னால் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் ஆட்கள் குறைவு, காலம் குறைவு, வித்தியாசமும் சின்னது. இந்த ஓர் ஆய்வை வைத்துத்தான் "பின்னால்தான் எடுக்க வேண்டும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். பிறகு நடந்த ஒப்பீடுகளில் முன்னுக்கும் பின்னுக்கும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், பயிற்சிக்குப் பிறகு சாப்பிடும் சாப்பாட்டோடு எடுங்கள், அதில் நஷ்டம் எதுவும் இல்லை, ஒருவேளை துளி லாபம் இருக்கலாம். ஆனால் பயிற்சி நாளில் பயிற்சியோடு சேர்த்து, ஓய்வு நாளில் மறந்து போவது என்று ஆகிவிட்டால் அந்தத் துளி லாபத்தைவிட நஷ்டம் அதிகம். ஓய்வு நாளிலும் தொட்டி கசிந்துகொண்டுதான் இருக்கும். எந்த வேளைச் சாப்பாட்டை நீங்கள் எப்போதும் தவறவிட மாட்டீர்களோ அதோடு கட்டிப்போடுங்கள், பயிற்சி நேரம் மாறினாலும் அது மாறாது.

ஓரிரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது, அடுத்த நாள் இரட்டை அளவு போட வேண்டியதும் இல்லை. முழுசாக நிறுத்தினால்கூடப் பழைய மட்டத்துக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு வாரம் எடுக்கும்.

கார்ப்ஸோடு சேர்த்து எடுத்தால் அதிகம் ஏறுமாமே?

உண்மைதான், ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். 1996இல் செய்த சோதனையில் 5 கிராம் கிரியேட்டினோடு 93 கிராம் சர்க்கரை சேர்ந்த பானத்தைக் கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு நான்கு முறை. வெறும் கிரியேட்டின் எடுத்தவர்களைவிட இவர்கள் தசையில் சேர்ந்தது 60 சதவீதம் அதிகம். இன்சுலின் ஏறும்போது கிரியேட்டினைத் தசைக்குள் இழுக்கும் வேலை வேகமாகிறது, அதுதான் விஷயம். கணக்குப் போட்டால் நாளைக்கு 370 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது கிட்டத்தட்ட 1,500 கலோரி. இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு இன்னொரு சோதனையில் 50 கிராம் புரதமும் 47 கிராம் கார்ப்ஸும் சேர்த்தாலே கிட்டத்தட்ட அதே பலன் என்று தெரிந்தது. அது ஒரு சாதாரணச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வருகிற அளவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது நிரப்பும் வேகத்தைப் பற்றிய பேச்சு. லோடிங் வாரத்தில் இதற்கு அர்த்தம் இருக்கிறது. ஏற்கெனவே நிரம்பிய தசைக்கு எதைச் சேர்த்துக் குடித்தாலும் உள்ளே போக இடமில்லை. ஆக, சாப்பாட்டோடு எடுத்தால் போதும், இதற்கென்று தனியாக ஜூஸோ குளுக்கோஸோ தேவையில்லை.

காபி பற்றிச் சுருக்கமாக: காஃபின், கிரியேட்டின் தரும் பலனைக் கெடுக்கிறது என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது, பின்னால் வந்தவை ஒரே மாதிரி சொல்லவில்லை. பயிற்சிக்கு முன் காபி குடிக்கிறவர்கள் குடிக்கலாம், கிரியேட்டினை வேறு வேளைக்கு வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. பொடி வாங்கும்போது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வடிவத்தையே வாங்குங்கள். விலை கூடிய வேறு வடிவங்கள் அதைவிட மேல் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரையும், கலக்கியதும் குடித்துவிடுங்கள், நாள்கணக்கில் கரைத்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்.

பயிற்சிக்கு முன் கார்ப்ஸ்: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

இந்த ஒரு கேள்விக்கான பதிலில் பாதி வழிகாட்டி அடங்கிவிடும்.

மூன்று மணி நேரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டிருந்தால், சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ எதுவானாலும், புதிதாக எதுவும் தேவையில்லை. ஒரு தசைக்குப் பத்து செட் வரை போகும் சாதாரண ஒர்க்அவுட்டில், ஏற்கெனவே சாப்பிட்டிருக்கும் ஒருவருக்குக் கூடுதல் கார்ப்ஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் முன்னேற்றம் தெரியவில்லை.

நான்கைந்து மணி நேரம் ஆகிவிட்டதா? அப்படியானால் பயிற்சிக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால், உடல் எடையில் கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் கார்ப்ஸ் வருகிற மாதிரி சாப்பிடுங்கள். 70 கிலோ ஆளுக்கு 35 முதல் 70 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராம் அளவு இருக்கும், ஒரு கப் சோற்றில் 45 கிராம் பக்கம் வரும், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் புரதமும் சேரட்டும், முட்டையோ தயிரோ. எண்ணெய், நார்ச்சத்து இரண்டையும் இந்த வேளையில் குறையுங்கள். அவை கெட்டவை என்பதற்காக இல்லை, வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்கும் என்பதற்காக. வயிற்றில் கனத்தோடு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஸ்குவாட் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். இதில் சிலருக்கு ஒரு சிக்கல் உண்டு: இனிப்பானதைச் சாப்பிட்டு முப்பது நாற்பத்தைந்து நிமிடத்தில் இன்சுலின் ஏறி, அதே நேரத்தில் பயிற்சியும் தொடங்க, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலை லேசாகச் சுற்றும், கை நடுங்கும். எல்லோருக்கும் வராது, வார்ம்அப் முடிவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்கு வருகிறது என்றால் அந்த இடைவெளியைத் தவிர்த்து, ஒன்றரை மணி நேரம் முன்னால் சாப்பிடுங்கள் அல்லது வார்ம்அப் தொடங்கும்போது சாப்பிடுங்கள்.

அதிகாலையில் போகிறவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்ததால் தசை காலியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குறைவது கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன், தசையில் இருப்பது தூங்கும்போது பெரிதாகக் குறையாது. இருந்தாலும், வழக்கமாகக் காலையில் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடாமல் போய்த் தூக்கினால் ஸ்குவாட்டில் ரெப்ஸ் குறைவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதற்கு அடுத்து வந்தது. கார்ப்ஸ் உள்ள காலை உணவையும், கலோரியே ஏறக்குறைய இல்லாத ஆனால் கெட்டியாக இருக்கும் ஒரு போலி உணவையும், வெறும் தண்ணீரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். போலி உணவு சாப்பிட்டவர்களும் உண்மையான காலை உணவு சாப்பிட்டவர்கள் அளவுக்கு ரெப்ஸ் எடுத்தார்கள். பசி அடங்கியதும், சாப்பிட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையும் வேலை செய்திருக்கின்றன. ஆகவே காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் பழகி, நன்றாகத்தான் தூக்குகிறீர்கள் என்றால் வலுக்கட்டாயமாகச் சாப்பிட வேண்டாம், பசித்துக்கொண்டே போகிறவர் சின்னதாக எதையாவது சாப்பிட்டுப் போகலாம்.

பயிற்சிக்கு நடுவில்? ஒரு மணி நேரம் வரை தண்ணீர் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி, கால், முதுகு என்று பெரிய தசைகளுக்கு நிறைய செட் போடுகிற நாளில், மணிக்கு 30 கிராம் அளவில் ஒரு கார்ப்ஸ் பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதில் நியாயம் உண்டு.

பயிற்சிக்குப் பின்: அடுத்த ஒர்க்அவுட் எப்போது?

பின்னால் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

அந்த அரை மணி நேரக் கெடு எங்கிருந்து வந்தது என்றால், பயிற்சி முடிந்த உடனே தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. 1988இல் சைக்கிள் ஓட்டியவர்களிடம் செய்த சோதனையில், கார்ப்ஸை இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது கிளைகோஜன் நிரம்பும் வேகம் ஏறக்குறைய பாதியானது. இதை வைத்துத்தான் ஓடிப்போய் ஷேக் குடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் பிறகு முழு நாளும் தொடர்ந்து பார்த்தபோது, உடனே சாப்பிட்டவர்களுக்கும் தள்ளிச் சாப்பிட்டவர்களுக்கும் 24 மணி நேரத்தில் கிளைகோஜன் மட்டம் ஒன்றாகவே இருந்தது. ஒரு தசைக்கு மறுபடி வேலை கொடுக்க நீங்கள் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், அரை மணி நேரத்தைத் தவறவிட்டதற்காகத் தவிக்க ஒரு காரணமும் இல்லை. குளித்து, வீட்டுக்கு வந்து, நிதானமாகச் சாப்பிடுங்கள்.

அவசரம் யாருக்கு? ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்கிறவர்களுக்கு, அதுவும் இடைவெளி எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால். காலையில் எடை, மாலையில் விளையாட்டுப் பயிற்சி என்று போகிறவர்கள் இதில் சேர்த்தி. அவர்கள் முடித்த உடனே தொடங்கி, முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்ற கணக்கில் எடுக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 70 முதல் 84 கிராம், அது நிறைய, ஒரே தட்டில் முடியாது. பழம், பானம், சோறு என்று பிரித்துத்தான் சாப்பிட முடியும்.

அப்புறம், தசை வளரக் கார்ப்ஸ் வேண்டும் என்று சொல்லி புரோட்டீன் ஷேக்கில் சர்க்கரைப் பொடியைக் கொட்டுவது. 25 கிராம் வே புரதத்தோடு (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) 50 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற கார்ப்ஸ் பொடியைச் சேர்த்துப் பார்த்தார்கள், தசைப் புரதம் உருவாகும் வேகம் வெறும் புரதம் கொடுத்தபோது இருந்த அதே அளவுதான். புரதமே தேவையான இன்சுலினை ஏற்றிவிடுகிறது. கார்ப்ஸின் வேலை அடுத்த பயிற்சிக்கு எரிபொருள் நிரப்புவது, அதை அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு பயிற்சி செய்தவர்கள் மட்டும் முடித்ததும் புரதத்தை அதிக நேரம் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

எடை குறைக்கும் காலத்தில் கணக்கு மாறும்

நேரம் பார்ப்பதற்கு உண்மையிலேயே பயன் இருக்கும் இடம் என்று நான் நினைப்பது இதுதான். நன்றாகச் சாப்பிடுகிற காலத்தில், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 4, 5 கிராம் கார்ப்ஸ் போய்க்கொண்டிருந்தால், எந்த வேளையில் போனாலும் தசை நிரம்பியேதான் இருக்கும். கலோரியைக் குறைத்து, கார்ப்ஸைக் கிலோவுக்கு 2 கிராம் பக்கம் இறக்கிவிட்டால் அப்படி இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினால் எந்த வேளையிலும் தெம்பு இருக்காது. இந்தக் காலத்தில் ஒரு நாளின் கார்ப்ஸில் பாதிக்கு மேல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வேளைகளுக்கு ஒதுக்குங்கள், மற்ற வேளைகளில் புரதமும் காய்கறியுமாகப் போகட்டும். 70 கிலோ ஆள், 140 கிராம் கார்ப்ஸ், மாலை ஆறு மணிக்குப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம்: நாலு மணிக்கு 45 கிராம், இரவுச் சாப்பாட்டில் 45 கிராம், மீதி 50 கிராம் காலைக்கும் மதியத்துக்கும். கிரியேட்டின் இரவுச் சாப்பாட்டோடு, அதே 3 முதல் 5 கிராம். எடை குறைக்கும்போது தண்ணீர் எடை ஏறும் என்று கிரியேட்டினை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கும் எடை குறையாமல் பார்த்துக்கொள்ள அது மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான், எடைப்பிரிவுப் போட்டிக்காகத் தராசில் ஏற வேண்டியவர்களைத் தவிர மற்றவர்கள் தொடருங்கள்.

யார் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டின் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மேலே சொன்ன கார்ப்ஸ் அளவுகளைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. பயிற்சியே சர்க்கரையை இறக்கும் என்பதால், மருந்து, சாப்பாடு, பயிற்சி மூன்றையும் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்வதுதான் பாதுகாப்பு.

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கிரியேட்டின் எடுத்துக்கொண்டிருக்கும்போது இரத்தப் பரிசோதனை செய்தால் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம். கிரியேட்டின் சிதைந்து வருவதே கிரியேட்டினின் என்பதால் இப்படி ஆகிறது, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தம் ஆகாது. ஆனால் நீங்கள் கிரியேட்டின் எடுப்பது தெரியாத மருத்துவருக்கு அந்த எண் வேறு மாதிரி தெரியும். இரத்தம் கொடுக்கும் முன்பே எவ்வளவு நாளாக, எவ்வளவு கிராம் எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையை அவர் எழுதித் தருவார், அது கிரியேட்டின் எடுப்பதால் மாறுவதில்லை.